ஐம்பது கம்பெனியும் ஓர் அவனும்

போன செவ்வாய்க்கிழமை காலையில் ஜக்கார்டில் ஏதோ சிக்கி, முந்தியில் மாங்காய் விழ வேண்டிய இடத்தில் வெறும் கோடு விழ ஆரம்பித்தது. தறியை நிறுத்திவிட்டு மெக்கானிக்குக்கு போன் போட்டேன்.

"இன்னைக்கு எக்ஸ்பைரிங்ணா. மூன்றரைக்கு மேல வரட்டுங்களா?"

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வீடியோ போட்டு அந்தச் சேலைக்கு புக்கிங் வாங்கிவிட்ட கடைக்காரருக்கு நான் என்ன பதில் சொல்வது, தறி ஓட்டுகிற அம்மாவுக்கு அன்றைய கூலிக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்பதற்கு எல்லாம் நாக்கு நுனியில் வந்து நின்றது. வாயைத் திறந்தபோது வந்தது வேறு.

"காலா, புட்டா?"

"புட்டுங்ணா."

"சரி, மூன்றரைக்கே வாங்க" என்று வைத்துவிட்டேன். ஆப்ஷன் கணக்கு முடிகிற எக்ஸ்பைரி நாள் அது, சந்தையோ ஏறிக்கொண்டிருந்தது. இறங்கும் என்று புட் வாங்கிவிட்டு உட்கார்ந்திருக்கிற மனுஷனிடம் மாங்காயைப் பற்றிப் பேசுவது பாவம்.

அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. ஒவ்வொரு கம்பெனியாகப் பொறுக்கி ஷேர் வாங்குவதைவிட இண்டெக்ஸில் இறங்குவதே மேல் என்று எங்கள் ஊர் இளம்பிள்ளை முழுக்க நம்புகிறது. நம்புவதற்கு மூன்று காரணங்கள் இருக்கின்றன. மூன்றையும் வரிசையாகச் சொல்லிவிட்டு எழுந்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

முதல் காரணம், எந்த முதலாளியையும் நம்ப வேண்டியதில்லை. 2009 ஜனவரி 7 அன்று சத்யம் கம்பெனியின் ராமலிங்க ராஜு, கணக்கில் காட்டிய பணம் பெட்டியில் இல்லை என்று அவரே கடிதம் எழுதினார். ஒரே நாளில் ஷேர் முக்கால் பங்குக்கு மேல் இறங்கியது. சத்யம் மட்டும் வைத்திருந்தவர்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டார்கள். ஐம்பது கம்பெனி சேர்ந்த நிஃப்டி இண்டெக்ஸ் என்ன செய்தது? சில நாளில் சத்யத்தை வெளியே அனுப்பிவிட்டு அந்த இடத்தில் இன்னொரு கம்பெனியை உட்கார வைத்தது. எண்ணிக்கை பழையபடி ஐம்பது. நாமக்கல்லில் தினமும் முட்டை விலை அறிவிக்கிறார்களே, அது எந்தக் கோழி போட்ட முட்டை என்று நாம் கேட்கிறோமா? அதேதான் இது. கோழி செத்தாலும் விலை உண்டு.

இதில் எனக்கு ஒரு குறை. திட்டுவதற்கு ஆள் இல்லாமல் போய்விட்டது.

என் பெரியப்பா செயில் ஷேர் வைத்திருந்தார். சேலம் இரும்பாலை செயிலுடையது என்பதால் அவரைப் பொறுத்தவரை கஞ்சமலைக்குப் பக்கத்தில் அவருக்குக் கொஞ்சம் சொத்து இருந்தது. பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போது ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்து ஆலை வாசலைப் பார்ப்பார். லாரி வரிசை நீளமாக இருந்தால் அந்த வருஷம் டிவிடெண்ட் உண்டு என்பது அவர் கணக்கு. வரிசை குட்டையாக இருந்தால், "என்னத்தப் பண்றானுக உள்ள?" என்று பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரி சொல்வார். தபாலில் வரும் ஆண்டறிக்கையை முதலிலிருந்து கடைசிவரை புரட்டிவிட்டு, அந்த வழவழப்பான தாளில்தான் எங்கள் நோட்டுக்கெல்லாம் அட்டை போட்டுத் தந்தார். என் கணக்கு நோட்டின் மேல் ஒரு சேர்மன் சிரித்துக்கொண்டிருந்தார்.

அந்த ஐம்பதில் இன்றைக்கு செயில் கிடையாது. இருந்திருந்தாலும் பிரயோஜனம் இல்லை. நிஃப்டிக்கு வாசல் ஏது, லாரி ஏது, சேர்மன் ஏது? நஷ்டம் வந்தால் எந்த ஜன்னலோரம் உட்கார்ந்து எதைப் பார்த்துத் திட்டுவது?

இந்தக் குறையைத் தீர்க்க நாமெல்லாரும் சேர்ந்து ஒருவனை உண்டாக்கி வைத்திருக்கிறோம். உங்களுக்கும் தெரிந்தவன்தான்.

"காலைலயே ஏத்திட்டான்." "ரெண்டு மணிக்கு மேல இறக்குவான் பாருங்க." "என் ஸ்டாப் லாஸைத் தட்டிட்டு அப்படியே மேல போயிட்டான்." டீக்கடையில், நூல் கடையில், சாயப் பட்டறையில், எங்கே போனாலும் அவன் பேச்சுதான். அவனுக்குப் பெயர் கிடையாது, ஊர் கிடையாது. ஆனால் குணம் எல்லோருக்கும் அத்துப்படி. இரக்கமில்லாதவன். பொறுமைசாலி. நாம் வாங்குகிறவரை காத்திருப்பான், வாங்கியதும் இறக்குவான். பொறுக்க முடியாமல் விற்றுவிட்டோம் என்றால், விற்ற அந்த நிமிஷமே ஏற்றுவான். சந்தையைக் கண்காணிக்கிற செபியின் கணக்குப்படி 2022 முதல் 2024 வரையான மூன்று நிதியாண்டில் இந்த ஃபியூச்சர், ஆப்ஷன் வியாபாரத்தில் இறங்கிய தனிநபர்கள் 1.13 கோடி. அத்தனை கோடிப் பேரில் இளம்பிள்ளையில் ஒரு விசைத்தறிக் கொட்டகையின் மூலையில், பாபின் கூடைமேல் போனைச் சாய்த்து வைத்திருக்கிற என் ஒருவனுடைய ஸ்டாப் லாஸ் எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. என் மாமனாருக்கு என் வேட்டி அளவு இன்றுவரை தெரியாது.

அவன் எப்போது சாப்பிடுகிறான் என்று எனக்குத் தெரியாது. நான் எப்போது சாப்பிடுகிறேன் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். இலையில் ரசம் விழும் நேரம் பார்த்து இறக்குவான். தறிச் சத்தத்தில் காது அடைத்துக் கிடக்கும்போது ஏற்றுவான். மின்வெட்டு வந்து நெட் போனால் அந்தக் கால் மணி நேரத்தில் ஒரு வாரத்து வேலையை முடித்துவிடுவான். ஒரு நாள் நான் போனை வீட்டிலேயே வைத்துவிட்டு சேலம் போனேன். திரும்பி வந்து பார்த்தால் நாள் முழுக்க அவன் அசையவே இல்லை. நான் இல்லாமல் அவனுக்கும் பொழுது போகவில்லை போலிருக்கிறது.

வீட்டில் ஒரு நாள் கேட்டாள்: "யாருங்க அது, தினமும் உங்களை இந்தப் பாடு படுத்துறான்? ஒரு நாள் சாப்பிடக் கூட்டிட்டு வாங்க. மூஞ்சிய நானும் பார்க்கறேன்."

எங்கள் டீக்கடையில் அவனைப் பற்றி மூன்று கட்சிகள் உண்டு. ஆட்டையாம்பட்டி முறுக்குப் பாட்டிலுக்குப் பக்கத்து பெஞ்சில் உட்காருகிறவர்கள், அவன் மும்பையில் இருக்கிறான், பெரிய கை, பரம்பரைப் பணக்காரன் என்பார்கள். எதிர் பெஞ்சு, அவன் வெளிநாட்டுக்காரன் என்று அடித்துச் சொல்லும். கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றபடியே குடிக்கிற பாவு பிணைக்கும் பெரியவர் மட்டும், "அவன் மனுசனே இல்லீங்க, கம்ப்யூட்டரு" என்பார். பெரியவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. 2023-24இல் இந்தச் சந்தையில் வெளிநாட்டு முதலீட்டாளர்கள் எடுத்த லாபத்தில் 97 சதவீதம் அல்கோ என்கிற தானியங்கி வியாபாரத்தில் வந்தது என்று செபியே எழுதியிருக்கிறது. நாங்கள் கட்டை விரலை வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருக்கிறோம்.

பிறகு 2025 ஜூலை 3 வந்தது. அமெரிக்காவின் ஜேன் ஸ்ட்ரீட் என்ற நிறுவனத்தின் மேல் செபி ஓர் இடைக்கால உத்தரவு போட்டது. காலையில் வங்கிப் பங்குகளையும் ஃபியூச்சரையும் வாரி வாங்கி பேங்க் நிஃப்டியைத் தூக்கி நிறுத்துவது, அதற்கு நேர் எதிராக ஆப்ஷனில் பெரிய அளவில் உட்கார்ந்துகொள்வது, மதியத்துக்கு மேல் வாங்கியதையெல்லாம் தள்ளிவிட்டு இறக்குவது, இதுதான் செபியின் குற்றச்சாட்டு. 2024 ஜனவரி 17ஆம் தேதி நடந்ததை உதாரணமாக எடுத்து விளக்கியிருந்தார்கள். முறைகேடாக வந்ததென்று சொல்லி 4,843 கோடி ரூபாயை எடுத்து வைக்கச் சொன்னார்கள். தப்பே செய்யவில்லை என்று அந்த நிறுவனம் மறுத்து, பணத்தைக் கட்டிவிட்டு, மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போயிருக்கிறது. வழக்கு எப்படியோ போகட்டும். அன்றைக்கு எங்கள் டீக்கடையில் நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வெளிநாட்டுக் கட்சிக்காரர்கள் கடையில் இருந்த அத்தனை பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்கள். "நான் அப்பவே சொன்னேன்ல!" என்பதை ஒருவர் கண்ணில் தண்ணீரோடு சொன்னார். அவர் போட்ட பணம் போனது போனதுதான். ஆனாலும் அவனுக்கு ஒரு பெயரும் விலாசமும் கிடைத்துவிட்டதே, அந்த சந்தோஷம் தனி.

அப்புறமும் சந்தை இறங்கத்தான் செய்தது. கடையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. கடைசியில் மும்பைக் கட்சி கேட்டது: "அவனைத்தான் பிடிச்சாச்சே. அப்போ இன்னைக்கு இறக்குனது எவன்?"

எங்கே விட்டேன்? இரண்டாவது காரணம். அதற்கு முன்னால் இந்தக் கிழமை விவகாரத்தைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மெக்கானிக் மேல்தான் தப்பு என்று நினைத்துவிடுவீர்கள். 2023 கடைசியில் திங்கள் மிட்கேப், செவ்வாய் ஃபின்நிஃப்டி, புதன் பேங்க் நிஃப்டி, வியாழன் நிஃப்டி, வெள்ளி சென்செக்ஸ் என்று வாரத்தில் ஐந்து நாளும் எக்ஸ்பைரி. சனி ஞாயிறு மட்டும்தான் தறிகள் ரிப்பேர் ஆக அனுமதி. செபி பார்த்தது. ஒரு எக்ஸ்சேஞ்சுக்கு ஒரு வார எக்ஸ்பைரிதான் என்று 2024 நவம்பரில் வெட்டியது. நிஃப்டி லாட் 25ஆக இருந்ததை 75 ஆக்கி, இனிச் சின்ன ஆட்கள் வரமாட்டார்கள் என்று நினைத்தார்கள். எங்கள் தெருவில் மூன்று பேர் சேர்ந்து ஒரு லாட் வாங்கினார்கள். சீட்டுப் போட்டுப் பழகிய ஊரிடம் வந்து இதைச் செய்கிறார்கள்! 2025 செப்டம்பரில் நிஃப்டி செவ்வாய்க்கும் சென்செக்ஸ் வியாழனுக்கும் மாறின. அமாவாசை செவ்வாயில் வந்தால் சித்தர் கோவிலுக்குப் போகிற கூட்டத்தில் பாதி, ஒரு கையில் தேங்காயும் மறு கையில் சார்ட்டுமாக வரிசையில் நிற்கிறது.

எச்சரிக்கை செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. ஆப்பைத் திறந்தாலே, பத்தில் ஒன்பது பேர் நஷ்டப்படுகிறார்கள் என்று ஒரு கட்டம் வந்து நிற்கிறது. 2023 ஜூலையிலிருந்து அது சட்டம். அதன் கீழே உள்ள பட்டனை என் கட்டை விரல், கண் அந்தப் பக்கம் போவதற்குள் அழுத்திவிடுகிறது. செபியின் அடுத்த ஆய்வில் அந்த ஒன்பது பேர் கணக்கு நூற்றுக்கு 93 ஆனது. மூன்று வருஷத்தில் மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடிக்கு மேல். செலவு போக ஒரு லட்சத்துக்கு மேல் லாபம் பார்த்தவர்கள் நூற்றுக்கு ஒருவர்தான். நஷ்டப்பட்ட பிறகும் முக்கால்வாசிப் பேர் விடாமல் தொடர்ந்தார்களாம். இந்தக் கடைசி வரியைப் படித்தபோது டீக்கடையில் ஒரு பெருமிதம் பரவியதைக் கண்ணால் பார்த்தேன். நூற்றில் மீதி ஏழு பேர் யார் என்று எங்கள் தெருவில் விசாரித்தேன். எல்லோரும் "நான்தான்" என்றார்கள்.

எனக்கு உறைத்தது வேறு ஓர் எண். இந்த வியாபாரத்தில் இறங்கியவர்களில் 72 சதவீதம் பேர் முதல் முப்பது நகரங்களுக்கு வெளியே இருக்கிறவர்கள். அதாவது நாங்கள். நல்ல ரோடு வரும்போது கடைசி, நல்ல ஆஸ்பத்திரி வரும்போது கடைசி, இதில் மட்டும் எங்களுக்கு முன்வரிசை. நூல் விலை ஏறினால் மனு எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸ்வரை நடக்கிற ஊர் இது. தினமும் காலை ஒன்பதே காலுக்குத் தன் பணத்தைத் தானே எடுத்துக்கொண்டு போய் ஊர் பேர் தெரியாதவனிடம் கொடுத்துவிட்டு, "அவன் இறக்கிட்டான்" என்று சிரித்துக்கொண்டே வந்து டீ குடிக்கிறது. சிரிக்கிறார்களே என்றுதான் எனக்கு எரிகிறது. நானும் சிரிக்கிறேன், அது வேறு.

வேறு வழி இல்லாமலும் இல்லை. 1995 நவம்பர் 3ஆம் தேதியை ஆயிரம் என்று வைத்து ஆரம்பித்த நிஃப்டி, 2024 செப்டம்பரில் 26,000 தாண்டியது. இண்டெக்ஸ் ஃபண்டில் மாதாமாதம் கொஞ்சம் போட்டுவிட்டுச் சும்மா இருந்தால் போதும் என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். இதை மெக்கானிக்கிடம் சொன்னேன். எத்தனை வருஷம் என்று கேட்டார். இருபது, இருபத்தைந்து என்றேன்.

"நம்ம கணக்கெல்லாம் செவ்வாய்க்கிழமை மூன்றரைக்குள்ள முடியணும்ங்ணா" என்றார்.

இரண்டாவது காரணம் இப்போது மறந்துவிட்டது. மூன்றாவது, நேரம் சம்பந்தப்பட்டது என்று மட்டும் ஞாபகம் இருக்கிறது. குஜராத்தின் கிஃப்ட் சிட்டியில் கிஃப்ட் நிஃப்டி என்று ஒன்று ஓடுகிறது. முன்பு சிங்கப்பூரில் ஓடியது, 2023 ஜூலையில் இங்கே வந்தது. காலை ஆறரைக்கு ஆரம்பித்து, பிற்பகல் 3.40இலிருந்து 4.35 வரை இடைவெளி விட்டு, விடியற்காலை 2.45 வரை ஓடும். ராத்திரி ஷிப்டு தறி பார்க்க எழுந்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு நான் எதைப் பார்க்கிறேன் என்று வீட்டில் கண்டுபிடித்துவிட்டாள். இந்த நேரக் கணக்கையெல்லாம் கேட்டுக்கொண்டு விரல் விட்டு எண்ணினாள்.

"ரெண்டே முக்காலுக்குப் படுத்து ஆறரைக்கு எந்திரிக்கிறான். மூணே முக்கால் மணி நேரந்தான் தூங்கறான். அதான் எல்லார்மேலயும் எரிஞ்சு விழறான். பாவம், அந்த நாலு மணிக்கு ஒரு காபியாவது குடிக்கிறானே."