ஆறே முக்கால் அங்குலம்

பையன் வாங்கிக் கொடுத்த புது ஃபோனின் திரை 6.7 அங்குலம் என்று பெட்டியில் போட்டிருந்தது. வீட்டில் அதை ஆறே முக்கால் என்று வைத்துக்கொண்டோம். உறவினர்களிடம் சொல்லும்போது ஏழு. இந்த அளவு மூலைக்கு மூலை குறுக்கே எடுப்பதாம். டிவிக்காரர்களின் பழக்கம் ஃபோனுக்கும் வந்துவிட்டது. மனையை இப்படி அளந்து விற்றால் பத்திரப்பதிவு அலுவலக வாசலிலேயே அடிதடி நடக்கும். ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். அகலம் மூன்று அங்குலம்கூடத் தேறவில்லை. மிச்சமெல்லாம் உயரம்தான்.

கைக்குள் அடங்காத ஃபோனை எவரும் வாங்கமாட்டார்கள் என்று 2010-இல் ஸ்டீவ் ஜாப்ஸ் சொன்னார். அப்போது ஐஃபோனின் திரை மூன்றரை அங்குலம். மறு வருஷமே சாம்சங் 5.3 அங்குலத்தில் கேலக்ஸி நோட்டை இறக்கியது. 2014-இல் ஆப்பிளே ஐந்தரை அங்குலத்தில் ஒன்றை விற்றது. இன்றைக்குக் கடையில் போய்ச் சின்ன ஃபோன் கேட்டால், “பட்டன் ஃபோன் அந்தப் பக்கம் சார்” என்று கையைக் காட்டுகிறார்கள். வாங்கமாட்டார்கள் என்றது பொய்த்துப்போனது. கைக்குள் அடங்காது என்றது இன்றுவரை பொய்க்கவில்லை. திரை வளர்ந்த வேகத்துக்கு மனுஷனின் கட்டைவிரல் ஒரு நூல்கூட வளரவில்லையே! பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையின் கட்டைவிரலால் திரையின் மேல் மூலையைத் தொட முயன்று பாருங்கள். ஒன்று ஃபோன் விழும், இல்லையென்றால் நீங்கள் விழுவீர்கள். இதற்கென்றே ‘ஒற்றைக் கை’ வசதி என்று ஒன்று உள்ளே இருக்கிறது. அதைப் போட்டால் படம் முழுக்கச் சுருங்கிக் கீழே ஒரு ஓரமாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. பெரிய திரைக்குக் காசு வாங்கிக்கொண்டு, அதைச் சின்னதாக்கும் வித்தையை மட்டும் இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள்.

சட்டைப் பையில் வைத்தால் கால்வாசி வெளியே நிற்கிறது. குனிந்தால் அதுவும் கூடவே குனிந்து குதிக்கப் பார்க்கிறது. பையைக் கொஞ்சம் ஆழமாக வைக்கச் சொல்லலாம் என்று தையல்காரரிடம் போனேன். அவர் டேப்பைக்கூட எடுக்கவில்லை. “இப்ப எல்லாருக்கும் அப்படித்தான் சார் வைக்கிறேன்” என்றார்.

இதெல்லாம் பழகிவிடும். பழகாதது வேறு. இது என் ஃபோன் என்று நான் மட்டும்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். காலையில் மனைவிக்கு யூடியூப் சமையல், சாயங்காலம் மாமியாருக்கு விட்டுப்போன சீரியல், ராத்திரி பேத்தியோடு வீடியோ கால். எல்லாம் இதில்தான், ஏனென்றால் இதில்தான் ‘நல்லா தெரியுது’. 5000 எம்ஏஎச் பேட்டரி தீர்ந்து, சார்ஜில் தொங்கும் நேரத்தில் மட்டும் அது என்னுடையது.

வெளியே போனாலும் விமோசனம் இல்லை. என் வயதுக்கு எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கிறேன். எனக்குத் தெரிவது பக்கத்து சீட்டுக்கும் தெரிகிறது. போன வாரம் வேளச்சேரி பஸ்ஸில் ஒரு பெரியவர் என் தோளோடு தோளாக உட்கார்ந்திருந்தார். வாட்ஸ்அப்பைத் தள்ளிக்கொண்டே போனேன். “கொஞ்சம் மெதுவா தள்ளுங்க தம்பி, மூட்டுவலிக்கு என்னமோ போட்டிருந்தான்” என்றார். பின்னால் போய் அதைக் காட்டினேன். அவர் படித்துக்கொண்டிருக்கும்போதே மனைவியிடமிருந்து செய்தி வந்து விழுந்தது. ‘வரும்போது இட்லி மாவு வாங்கிட்டு வாங்க. போன தடவை மாதிரி புளிச்சதை வாங்கிடாதீங்க.’ பெரியவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, “எந்தக் கடையில வாங்குறீங்க?” என்றார்.

ஃபோன் கடைப் பையனிடம் இதைச் சொன்னபோது ‘பிரைவசி கிளாஸ்’ ஒட்டிக்கொள்ளச் சொன்னான். கண்ணாடிக்குள் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தட்டிகள் வரிசையாக நிற்குமாம். நேராகப் பார்ப்பவருக்கு மட்டும் வெளிச்சம் போகும், பக்கவாட்டில் பார்ப்பவருக்குத் திரை கறுப்பாகிவிடும். நல்ல ஏற்பாடு. ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். சோபாவில் பக்கத்தில் உட்கார்ந்த மனைவி எட்டிப் பார்த்தாள். நிமிர்ந்தாள். மறுபடி எட்டிப் பார்த்தாள். “ஏங்க, உங்களுக்குத் தெரியுது, எனக்கு மட்டும் ஏன் கறுப்பா இருக்கு?”

தட்டி, கோணம், வெளிச்சம் என்று நான் விஞ்ஞானம் பேசப் பேச, அவள் முகம் இன்னும் மாறியது. மாமியார் சீரியலின் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார். மறுநாள் கடை திறந்ததும் முதல் வேலையாக அந்தக் கண்ணாடியைப் பிய்த்துப் போட்டுவிட்டுச் சாதா டெம்பர்ட் கிளாஸ் ஒட்டிக்கொண்டேன். குடும்பத்தில் அமைதி நிலவுகிறது.

ஆகையால் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரப்போகும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். தாராளமாகப் படியுங்கள். படித்து முடித்ததும் லேசாகத் தலையை ஆட்டுங்கள், அடுத்ததைத் தள்ளுகிறேன். மாவு விஷயத்தில் மட்டும் தயவுசெய்து கருத்துச் சொல்லாதீர்கள்.