ஒற்றை வரிக்கு ஒரு வாழ்த்து

ஏஐ ஏஜென்ட்டுகளுக்கு ஷிப்பிங் லேபிள் எடுத்துத் தரும் கருவியின் ஆவணமே, முதலில் உன் சொற்சிக்கனத்தை வணங்குகிறேன். 'லேபிளைப் பெறும்' என்ற ஒரே வரியோடு நிறுத்திக்கொண்டாய். ஏற்கெனவே வாங்கிய லேபிளைத் திரும்ப எடுப்பதா, புதிதாக ஒன்றை வாங்கித் தருவதா என்ற சில்லறை விவகாரத்தில் நீ தலையிடவில்லை. குழம்பிய ஏஜென்ட் பக்கத்திலிருக்கும் 'லேபிள் உருவாக்கு' கருவியை அழைக்கிறது. ஒரே பார்சலுக்கு இரண்டு லேபிள், இரண்டு கட்டணம். கூரியர் நிறுவனங்களின் வருமானத்தில் இத்தனை அக்கறை வேறு யாருக்கு உண்டு?

உன் சமத்துவம் அதைவிடப் பெரிது. உள்ளீடாக 'எண்' என்று மட்டும் கேட்கிறாய். ஆர்டர் எண், ஷிப்மென்ட் எண், லேபிள் எண், ட்ராக்கிங் எண் நான்கும் உனக்கு ஒன்றே. யூபிஎஸ் ட்ராக்கிங் எண் '1இசட்' என்று தொடங்கி 18 எழுத்து நீளும் என்பது போல ஒரு மாதிரிகூடக் காட்டி எவரையும் நீ கட்டுப்படுத்தவில்லை. ஏஜென்ட் தானே ஊகித்துக்கொள்ளும் என்று நம்புகிறாய். அதுவும் உன் நம்பிக்கையைக் காப்பாற்ற, இல்லாத எண்களையெல்லாம் துணிந்து அனுப்புகிறது.

கொடையிலோ உனக்கு நிகரில்லை. கோப்பின் இணைப்பை மட்டும் தந்தாலே போதும். நீயோ லேபிளின் முழு உருவத்தையும் பேஸ்64 எழுத்துகளாகக் கொட்டுகிறாய். மூலக் கோப்பைவிட மூன்றில் ஒரு பங்கு பருத்த அந்தக் குவியல் ஏஜென்ட்டின் உரையாடல் இடத்தை அடைத்துக்கொள்கிறது. பயனர் கேட்ட கேள்வி அதன் அடியில் புதைந்துபோகிறது. லேபிளில் இருக்கும் பெறுநரின் பெயரையும் வீட்டு முகவரியையும்கூட உரையாடலுக்குள் சேர்த்தே வழங்குகிறாய். வள்ளல் கணக்குப் பார்ப்பதில்லை.

உன் அடக்கத்தையும் சொல்ல வேண்டும். வருவது பிடிஎஃப்பா, பிஎன்ஜியா, லேபிள் பிரின்டர்களின் மொழியான இசட்பிஎல்லா என்று நீ வாய் திறப்பதில்லை. 4-க்கு 6 அங்குல லேபிள் 203 டிபிஐ பிரின்டருக்கு உரியதா, 300-க்கு உரியதா என்பதும் உன் ரகசியம். 203-க்கு எழுதிய இசட்பிஎல்லை 300-இல் அச்சடித்தால் எல்லாம் சுருங்கி ஒரு மூலையில் ஒண்டிக்கொள்ளும். வண்டி கிளம்பும் நேரத்தில் கையில் பார்சலோடு நிற்கும் கிடங்குத் தொழிலாளிக்கு இதைவிட நல்ல பொறுமைப் பயிற்சி எங்கே கிடைக்கும்?

உன் கருணைக்கு எல்லையே இல்லை. லேபிள் இன்னும் தயாராகவில்லை, ரத்தாகிவிட்டது, இணைப்பின் காலம் முடிந்துவிட்டது, அப்படி ஒரு லேபிளே கிடையாது: நான்கு நிலைக்கும் 'பிழை' என்ற ஒரே சொல்தான். காத்திருந்து மறுபடி கேட்பதா, நிறுத்திவிட்டு மனிதரிடம் சொல்வதா என்று தெரியாத ஏஜென்ட் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறது. நீ விரட்டுவதும் இல்லை, திறப்பதும் இல்லை.

உன் இனத்திலேயே வேறொரு ஆவணம் இருக்கிறது. அதன் வாயாடித்தனத்தை என்னென்பது! 'கட்டணம் செலுத்தி முடிந்த லேபிளை மட்டுமே எடுக்கும். புதிதாக வாங்காது, பணம் பிடிக்காது' என்று முதல் வரியிலேயே போட்டு உடைக்கிறது. எந்த எண் வேண்டும், அதை எந்தக் கருவியிடம் பெறுவது, இணைப்பு எவ்வளவு நேரம் செல்லும், எந்தப் பிழைக்கு அடுத்து என்ன செய்வது என்று ஒன்றுவிடாமல் ஒப்பிக்கிறது. ஏஜென்ட்டுகளைக் கருவிகளோடு இணைக்க 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட எம்சிபி நெறிமுறை, கருவியின் பெயருக்கும் விளக்கத்துக்கும் உள்ளீட்டு அமைப்புக்கும் இடம் வைத்தது. 2025 மார்ச் பதிப்பு, 'இது படிக்க மட்டும்' என்று குறிக்கவும் வழி செய்தது. அந்த அற்ப ஆவணம் ஓர் இடத்தையும் காலியாக விடவில்லை. விளைவு? ஏஜென்ட்டுக்கு ஊகிக்கும் சுகம் போயிற்று. சிறு வியாபாரிக்கு இரட்டைக் கட்டணம் கட்டும் பாக்கியம் போயிற்று.

ஆவணம் புரியாத பொறியாளர் பக்கத்து இருக்கையில் கேட்பார். நேற்றுப் பட்ட அடியை இன்று நினைவில் வைத்திருப்பார். ஏஜென்ட் பெரும்பாலும் ஒவ்வொரு உரையாடலிலும் உன்னைப் புதிதாகத்தான் படிக்கிறது. நீ சொல்லாமல் விட்டதைச் சொல்லித்தர அதற்கு வேறு ஆள் இல்லை. உன்னையே முழுக்க நம்பி வந்த வாசகரிடமும் மௌனம் கலையாத உன் உறுதி யாருக்கு வரும்!

இத்தனை புகழையும் குலைக்க ஒரு வழி உண்டு. உன்னை எழுதியவர் ஒரு மாலை உட்கார்ந்து, இது எதை எடுக்கும், எதைச் செய்யாது, எந்த எண் வேண்டும், தவறினால் அடுத்து என்ன என்று நாலு வரி சேர்த்துவிட்டால் போதும். அந்த அபகீர்த்தி உனக்குச் சீக்கிரம் வந்து சேர வேண்டும் என்று மனமார வேண்டுகிறேன்.