விடுபட்ட பதக்கங்கள்

இலங்கையில் ஒரு படை அதிகாரியின் சேவைப் பதிவேட்டிலிருந்து பதக்கங்களை எடுக்கவும் திரும்பச் சேர்க்கவும் எவ்வளவு காலம் செல்லும்? ஜனாதிபதியின் பேனாவில் மை இருந்தால் ஒரு நிமிடம் போதும்.

சந்தேகம் இருந்தால் சரத் பொன்சேகாவின் கோவையைப் புரட்டுங்கள். 2009 மே மாதம் அவர் வெற்றித் தளபதி. அடுத்த ஜனவரியில் ஜனாதிபதி மகிந்த ராஜபக்சவை எதிர்த்துத் தேர்தலில் நின்றார். 2010 ஒகஸ்ட் மாதம், சீருடையில் இருந்துகொண்டே அரசியல் செய்தார் என்று இராணுவ நீதிமன்றம் தீர்த்தது. பதவி நிலை போயிற்று, பதக்கங்கள் போயின, ஓய்வூதியம் போயிற்று, பிறகு சிறையும் வந்தது. போரின் வெற்றி மட்டும் போகவில்லை, அது மகிந்தவின் பெயருக்கு மாற்றி எழுதப்பட்டது. 2015 ஜனவரியில் மைத்திரிபால சிறிசேன ஜனாதிபதியாக வந்தார். இரண்டு கிழமைக்குள் மன்னிப்பு, பதவி நிலை, பதக்கங்கள் எல்லாம் திரும்பி வந்தன. மார்ச் மாதம் பீல்ட் மார்ஷல் பட்டமும் வந்தது. வெலிக்கடைச் சிறையில் இருந்த காலத்தில் பொன்சேகா எந்தக் களத்தையும் வென்றதாகத் தகவல் இல்லை. உள்ளே போகும்போது வெறும் ஆள், வெளியே வந்த பிறகு நாட்டின் முதல் பீல்ட் மார்ஷல். கிராம சேவகரிடம் கடிதம் கேட்டு அலையவில்லை, பிரதேச செயலகத்தில் வரிசையில் நிற்கவில்லை, மூன்று பிரதி எடுத்துச் சமாதான நீதவானிடம் உறுதிப்படுத்தவில்லை. திருத்தம் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்!

திருகோணமலைக்காரருக்கு இந்தக் கோவையில் தனிப்பட்ட அக்கறை உண்டு. பொன்சேகா தளபதியாக இருந்தபோதுதான், 2006 செப்டெம்பர் 4 அன்று, கொட்டியாரக் குடாவின் அக்கரையில் உள்ள சம்பூர் பிடிபட்டது. ஊர்ச் சனம் கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் முகாம்களில் தகரக் கூரைக்குக் கீழே வருடக்கணக்கில் வெந்தது. அந்த நடவடிக்கையில் பங்குபற்றிய படையினருக்குக் கிழக்கு மனிதாபிமான நடவடிக்கைப் பதக்கம் என்று ஒன்று இருக்கிறது. மனிதாபிமானம் என்ற பெயரை யார் வைத்தாரோ, அவருக்கும் ஒன்று கொடுத்திருக்கலாம். சம்பூர் சனத்துக்குக் கிடைத்தது காணி. அதுவும் அவர்களுடைய சொந்தக் காணி, பத்து வருடம் கழித்து, தவணை முறையில். கடற்படை முகாம் போட்டிருந்த 237 ஏக்கர் 2016-இல்தான் வந்து சேர்ந்தது. இத்தனைக்கும் 2010 தேர்தலில் இந்த மாவட்டம் பொன்சேகாவுக்கே கூடுதலாக வாக்குப் போட்டது. எதிரே நின்றவர் யார் என்று பார்த்தால் இந்த மாவட்டத்தைக் குறை சொல்ல முடியாது.

எல்லாப் படைவீரருக்கும் பேனா இவ்வளவு சுறுசுறுப்பாக ஓடும் என்று யாரும் நம்பிவிட வேண்டாம். 2016 நவம்பரில் கைகால் இழந்த சிப்பாய்கள் கொழும்பில் ஜனாதிபதி செயலகத்துக்கு முன்னால் வந்து இருந்தார்கள். பன்னிரண்டு வருட சேவை முடிவதற்குள் காயப்பட்டு வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் அவர்கள். மிதிவெடி காலை எடுக்கும்போது சேவைக் காலத்தைக் கணக்குப் பார்ப்பதில்லை, எங்களுக்கும் ஓய்வூதியம் தாருங்கள் என்று கேட்டார்கள். கண்ணீர்ப் புகையும் தண்ணீர்ப் பீரங்கியும் பதிலாக வந்தன. பொய்க்காலோடு நின்ற ஏழைச் சிங்களப் பையன்கள். தேர்தல் மேடைகளில் அவர்களுக்குப் பெயர் ரணவிரு, போர் நாயகர்கள். செயலக வாசலில் அவர்கள் போக்குவரத்து இடைஞ்சல்.

இனித் திருகோணமலைத் துறைமுகத்துக்கு வருவோம்.

2008, 2009-இல் கொழும்பிலும் அயலிலும் பதினொரு பேர் கடத்தப்பட்டார்கள். பெரும்பாலும் இளைஞர்கள், தமிழரும் முஸ்லிம்களும். கப்பம் கேட்டுக் கடத்தினார்கள் என்பதுதான் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் கண்டுபிடித்தது. புலிகளோடு தொடர்பு, பயங்கரவாதம் என்ற வழக்கமான சாட்டுகூட இல்லை, வெறும் காசு. கொண்டுவந்து அடைத்த இடங்களில் ஒன்று திருகோணமலைக் கடற்படைத் தளத்துக்குள் உள்ள கன்சைட். அப்படி ஒரு வதைமுகாமே கிடையாது என்று அதிகாரிகள் சத்தியம் செய்துகொண்டிருந்த காலம் போய், 2015 நவம்பரில் பலவந்தமாகக் காணாமல் ஆக்கப்படுதல் பற்றிய ஐ.நா. செயற்குழு தளத்துக்குள் நுழைந்து அந்த நிலத்தடி அறைகளைப் பார்த்துவிட்டு வந்தது. கோணேசர் கோயிலுக்குப் போகும் சனமும் கடற்கரையில் கடலை கொறிக்கும் சனமும் தினமும் கண்ணால் காணும் அதே தளம்தான்.

இந்தக் காலம் முழுவதும் கடற்படைத் தளபதி வசந்த கரன்னாகொட. நியாயமாகச் சொல்வதானால், வழக்கின் முதற் கடிதமே அவருடையதுதான். 2009 மே மாதம் தன் பாதுகாப்பு அதிகாரியின் அறையில் அந்நியரின் அடையாள அட்டைகளும் கடவுச்சீட்டும் கிடந்ததாக அவரே முறைப்பாடு கொடுத்தார். அந்த நூலைப் பிடித்துப் போன புலனாய்வாளர்கள் பத்து வருடம் கழித்து, 2019 பெப்ரவரியில், முறைப்பாட்டாளரையே பதினான்காவது சந்தேக நபராக்கினார்கள். கடத்தல் தெரிந்தும் தடுக்கவில்லை என்பது குற்றச்சாட்டு, அவர் அதை மறுக்கிறார். எந்த நீதிமன்றமும் அவரைக் குற்றவாளி என்று சொல்லவில்லை. சொல்வதற்கு யாரும் விடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் முறை.

சந்தேக நபராகி ஏழு மாதத்தில், 2019 செப்டெம்பரில், அவருடைய சேவைப் பதிவேடு திருத்தப்பட்டது. அட்மிரல் ஒஃப் த ஃப்ளீட்: இலங்கைக் கடற்படையில் அதற்கு முன் ஒருவரும் தொடாத உயரம். கையெழுத்து அதே மைத்திரிபால சிறிசேனவுடையது. நல்லாட்சி என்று சொல்லி எங்களிடம் வாக்கு வாங்கிப் போனவர். நவம்பரில் சட்டமா அதிபர் பதினான்கு பேர்மீது 667 குற்றச்சாட்டுகளைத் தாக்கல் செய்தார். கரன்னாகொடவும் அதில் ஒருவர். அதே மாதம் கோட்டாபய ராஜபக்ச ஜனாதிபதியானார். வழக்கைத் துருவிய பொலிஸ் பரிசோதகர் நிசாந்த சில்வா சுவிற்சர்லாந்துக்கு ஓடினார். திணைக்களப் பணிப்பாளர் ஷானி அபேசேகர தூக்கி எறியப்பட்டு அடுத்த வருடம் சிறைக்கும் போனார். கடத்தியவர்களாகச் சொல்லப்பட்டோர் வெளியே, கண்டுபிடித்தவர் உள்ளே.

அத்தோடு விட்டார்களா? 2020-இல் அரசியல் பழிவாங்கல் பற்றி விசாரிக்க ஒரு ஜனாதிபதி ஆணைக்குழு. பழிவாங்கப்பட்டவர்கள் யார் என்று நினைக்கிறீர்கள்? பிள்ளையைத் தேடும் தாய்மாரா? இல்லை, வழக்கில் மாட்டிக்கொண்ட கடற்படை அதிகாரிகள்! கரன்னாகொட உள்ளிட்டோருக்கு எதிரான வழக்கை நிறுத்தச் சொன்னது ஆணைக்குழு. அன்றைய சட்டமா அதிபர் மறுத்துவிட்டார். முதுகெலும்பு உள்ளவர் என்று சனம் மூச்சு விடுவதற்குள் அவர் ஓய்வு பெற்றுப் போக, 2021 ஒக்டோபரில் அதே திணைக்களம் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுந்து, கரன்னாகொடவுக்கு எதிராக வழக்கைக் கொண்டுசெல்ல மாட்டோம் என்றது. களத்தில் பின்வாங்கும் சிப்பாய்க்கு இராணுவ நீதிமன்றம். கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு பின்வாங்கினால் ஒரு கேள்வியும் கிடையாது. டிசெம்பரில் அவர் வடமேல் மாகாண ஆளுநர்.

2023 ஏப்ரலில் அமெரிக்கா அந்த ஆளுநரைத் தன் நாட்டுக்குள் கால் வைக்கக்கூடாது என்றது. 2025 மார்ச்சில் பிரித்தானியா தடை விதித்தது. வெளிநாட்டில் இருப்பவனுக்குத் தெரிந்த பதிவேடு உள்ளூரில் மட்டும் ஒருவருக்கும் வாசிக்கத் தெரியவில்லை.

ஆகவே இந்த விண்ணப்பம். கடற்படையின் சேவைப் பதிவேட்டுப் பிரிவில் யார் இப்போது கதிரையில் இருக்கிறாரோ, அவருக்கு. ஐயா, உங்கள் பதிவேடுகளில் சில பதக்கங்கள் விடுபட்டிருக்கின்றன. திருகோணமலை வாசிகள் என்ற முறையில் அவற்றைச் சேர்க்கும்படி பணிவாகக் கேட்கிறோம். முதலாவது, நித்திரைப் பதக்கம். பல ஏக்கர் பரப்புள்ள தளத்தில், வாசலில் தேங்காய் லொறியைக்கூடத் துழாவிப் பார்த்து உள்ளே விடும் தளத்தில், கண் கட்டப்பட்ட ஆட்களை ஏற்றிய வாகனங்கள் வந்து போனபோது ஒன்றையும் காணாத, ஒன்றையும் கேளாத அத்தனை அதிகாரிகளுக்கும் உரியது. இது கூட்டுப் பதக்கம். கொஞ்சம் அதிகமாகவே அடிக்க வேண்டி வரும். அடுத்தது விருந்தோம்பல் பதக்கம். இதே கடத்தல் வழக்கில் தேடப்பட்ட பிரதான சந்தேக நபருக்குத் தங்க இடம் கொடுத்தார் என்ற குற்றச்சாட்டில் 2018 நவம்பரில் முப்படைகளின் பிரதானி ரவீந்திர விஜேகுணரத்ன முழுச் சீருடையில் நீதிமன்றம் வந்தார். ஒரு கிழமை விளக்கமறியல், பிறகு பிணை, அதன் பிறகும் அதே பதவி, பின்னாளில் பாகிஸ்தானுக்கு உயர்ஸ்தானிகர். குற்றச்சாட்டு உண்மையோ பொய்யோ, அந்த வாரத்துக்காவது நெஞ்சில் ஒரு நாடா குத்தியிருக்க வேண்டாமா? பழிவாங்கப்பட்டோர் பதக்கம் ஒன்றும் வேண்டும், அதற்கான தகுதிப் பட்டியலை ஆணைக்குழுவே தயாரித்து வைத்திருக்கிறது. 667 என்ற எண் பொறித்த ஒன்றைச் சட்டமா அதிபர் திணைக்களத்துக்கு அனுப்பிவிடுங்கள், அங்கே மாட்டச் சுவர் உண்டு.

செலவைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். காணாமல் ஆக்கப்பட்டோர் குடும்பத்துக்கு ஆளைக் காணவில்லை என்று ஒரு சான்றிதழும் முதலில் ஒரு லட்சம், பிறகு இரண்டு லட்சம் ரூபாயும் என்று அரசாங்கம் விலை பேசியது. தாய்மார் பலர் வாங்க மறுத்துவிட்டார்கள். மிஞ்சிய காசில் அடிக்கலாம்.

பதிவேட்டைத் திருத்த முயன்ற திருகோணமலைக்காரர் ஒருவரையும் இங்கே சொல்லியாக வேண்டும். 2006 ஜனவரி 2 மாலை, கடற்கரையில் காந்தி சிலைக்குப் பக்கத்தில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் கொண்டுபோன கைக்குண்டு வெடித்துச் செத்தார்கள் என்று படைத்தரப்புப் பதிவு எழுதியது. சுடர் ஒளிச் செய்தியாளர் சுப்ரமணியம் சுகிர்தராஜன் வைத்தியசாலைக்குப் போய் உடல்களைப் படம் எடுத்தார். தலையில் துப்பாக்கிச் சூட்டுக் காயம். படம் பத்திரிகையில் வந்தது, பதிவு திருத்தப்பட்டது. ஜனவரி 24 காலை, வேலைக்குப் போகும் வழியில், அவரைச் சுட்டுப் போட்டார்கள். பொன்சேகாவின் பதிவேட்டைத் திருத்தியவர் நிம்மதியாகத் தூங்கினார். சுகிர்தராஜன் செய்ததும் திருத்தம்தான், அவருக்கு இருபத்திரண்டு நாள் அவகாசம். மாணவர் கொலை வழக்கில் பிடிபட்ட விசேட அதிரடிப்படையினர் உள்ளிட்ட பதின்மூன்று பேரையும் 2019 ஜூலையில் திருகோணமலை நீதவான் விடுவித்தார். சாட்சியம் போதவில்லையாம். சாட்சி சொல்லக்கூடியவர்கள் பலர் நாட்டை விட்டு ஓடிவிட்ட பிறகு எப்படிப் போதும்?

நிலாவெளி வீதியில் வெள்ளைக்காரனின் யுத்த மயானம் இருக்கிறது. 1942 ஏப்ரல் 9 ஜப்பான்காரன் துறைமுகத்தில் குண்டு போட்டான். அந்த யுத்தகாலத்தில் இறந்த மாலுமிகளும் விமானிகளும் அங்கே கிடக்கிறார்கள். கல்லில் பெயர், சேவை இலக்கம், பிரிவு, இறந்த நாள். ஆட்சி போய், கடைசியாக 1957-இல் தளத்தையும் கையளித்துவிட்டுப் போனவர்களின் பதிவேட்டில் இன்றும் ஆள் இருக்கிறான். அவர்கள் கையளித்துவிட்டுப் போன தளத்துக்குள் 2008-இல் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எந்தக் கல்லிலும் பெயர் இல்லை. எந்த அறையில் இருந்தார்கள், எந்த நாள் வெளியே எடுத்தார்கள், படகில் ஏற்றினார்களா, மண்ணில் புதைத்தார்களா என்று ஒரு வரி கிடையாது. கடற்படை என்றால் ஒவ்வொரு லீற்றர் டீசலுக்கும் கணக்கு வைக்கும் நிறுவனம். யார் எந்த வாசலால் எத்தனை மணிக்கு வந்தார், எந்த வாகனம் எத்தனை மைல் ஓடியது, சாப்பாட்டறையில் எத்தனை தட்டு என்று எழுதாமல் அங்கே இலை அசையாது. கன்சைட்டில் அடைத்து வைத்தவர்களுக்கு யாரோ சோறு கொண்டுபோயிருக்கிறான். அந்தச் சோற்றுக்குக் கையெழுத்து வைத்த புத்தகம் எங்கே?

புதிய அரசாங்கம் பழைய கோவைகளைத் தூசி தட்டுவதாகச் சொல்கிறது. ஷானி அபேசேகர திணைக்களத்துக்குத் திரும்பி வந்திருக்கிறார், நல்ல விஷயம். ஆனால் பிரித்தானியா தடை போட்டவுடன் இதே அரசாங்கமும் முகத்தைச் சுளித்தது, தளபதிகளின் பெயர் என்றதும் எல்லா ஆட்சிக்கும் ஒரே தொண்டைதான்.

அதனால் ஜனாதிபதி அனுர குமார திசாநாயக்கவிடம் நாங்கள் கேட்பது பதக்கமல்ல. 2008, 2009-ஆம் ஆண்டுகளுக்கான திருகோணமலைத் தளத்தின் வாசல் பதிவேட்டையும் வாகன ஓட்டப் புத்தகத்தையும் சாப்பாட்டுக் கணக்கையும் நீதிமன்றத்தில் கொண்டுவந்து வையுங்கள். சட்டமா அதிபர் கைவிட்ட பெயரை வழக்கில் திரும்பச் சேருங்கள். நாள்தோறும் வழக்கை எடுத்து முடியுங்கள். பதினொரு பேரின் தாய்தகப்பன்மார் எல்லோரும் தவணைக்கு வரும் உடல்நிலையில் இப்போது இல்லை.