வாசலில் நிறுத்தும் வள்ளல்

நெறிமுறைகள் எத்தனையோ உண்டு. பொறுமையையும் சேர்த்துக் கற்றுத்தருபவர் தாங்கள்தான், ஐஸ்கஸி அவர்களே! 2004-ல் ஆர்எஃப்சி 3720 ஆக அவதரித்தது முதல், நெட்வொர்க் வழியே வட்டில் எழுத வரும் சர்வர்களுக்குத் தாங்கள் அளித்துவரும் ஒழுக்கப் பயிற்சி கொஞ்சமா?

படிக்கக் கேட்டால் தாங்கள் தாராளப் பிரபு. கட்டளை வந்ததும் தரவை அள்ளிக் கொடுக்கிறீர்கள், மறுகேள்வி கிடையாது. எழுத வந்தால்தான் தங்கள் கண்ணியம் தெரிகிறது. சர்வர் விண்ணப்பம் போட வேண்டும். சேமிப்பகம் 'ஆர்-டூ-டி' என்னும் அனுமதிச் சீட்டை அனுப்பும்வரை தரவு காத்து நிற்க வேண்டும். வெறுங்கையோடு வரவேண்டாமே என்று, கட்டளையோடு 8 கேபி மட்டும் கொண்டுவர இயல்பு அமைப்பிலேயே இடம் தந்த கருணையை என்னவென்பது!

மீதிக்கு, சீட்டுக்கு 256 கேபி வீதம். ஒரு நேரத்தில் ஒரே சீட்டு. 1 எம்பி எழுத நான்கு சீட்டு. இடையே 1,000 கிலோமீட்டர் ஒளியிழை இருந்தால் ஒருமுறை போய்வர ஏறத்தாழ 10 மில்லிவினாடி. கட்டளையில் தொடங்கி 'முடிந்தது' வரை ஐந்து முறை போய்வர வேண்டும். 10-ல் முடியக்கூடியதை 50-ஆக வளர்த்தெடுத்த கைவண்ணமே கைவண்ணம்! வரத்து மிஞ்சாமல் பார்த்துக்கொள்ளக் கீழே டிசிபி ஏற்கெனவே நிற்கிறது. காவலுக்கே காவல் போட்டவர் தாங்கள்.

இந்தச் சீட்டு முறையை மாற்றிக்கொள்ளவும் வழி வைத்த ஜனநாயகவாதி அல்லவா? லாகின் பேச்சுவார்த்தையில், முதல் சீட்டு கட்டாயம் என்று சர்வர், சேமிப்பகம் இருவரில் ஒருவர் சொன்னாலே போதும், கட்டாயம்தான். கட்டளையோடு தரவையும் சேர்த்தனுப்ப மட்டும் இருவரும் 'ஆம்' சொல்ல வேண்டும். தாமதத்துக்கு ஒரு ஓட்டு, வேகத்துக்கு இரண்டு.

இத்தனை எச்சரிக்கையும் தரவின் பத்திரத்துக்குத்தான் என்று நினைப்பவர்கள் தங்கள் பெருமையைப் பாதிதான் அறிந்தவர்கள். சேமிப்பகத்தில் ரைட்-பேக் கேஷ் இயங்கினால், தரவு நினைவகத்தில் விழுந்ததுமே 'முடிந்தது' என்று பதில் போய்விடும். வட்டைத் தொட்டதா என்ற கேள்வியே இல்லை. பேட்டரித் துணையில்லாத கேஷாக இருந்து அந்நேரம் மின்சாரம் போனால், எழுதியதும் கூடவே போகும். 'வட்டில் இறங்கிய பிறகு பதில் சொல்' என்று எஃப்யூஏ பிட்டை ஏற்றிவிடும் கவலையைக்கூட சர்வருக்கே விட்டுக்கொடுத்திருக்கிறீர்கள்.

வாங்குமுன் நான்கு முறை யோசித்து, வாங்கியபின் ஒருமுறையும் யோசிக்காத தங்கள் நிதானம் வாழ்க!