உத்தேசப் பட்டியலும் ஐப்பசி மழையும்

பெறுநர்: உலக மரபுக் குழு, யுனெஸ்கோ, பாரிஸ்.

பொருள்: ஓடு மாற்றுதல் – தொடர்பாக.

பார்வை: செட்டிநாட்டுத் தமிழ் வணிகர்களின் ஊர்த்தொகுதிகள், தங்கள் உத்தேசப் பட்டியல், நாள் 15.04.2014.

ஐயா / அம்மையீர்,

காரைக்குடிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். புரட்டாசி பாதி ஓடிவிட்டது. உங்கள் ஊரில் இந்நேரம் குளிருக்காகப் புகைபோக்கி துடைத்து விறகு அடுக்குவார்களாம். எங்களுக்குக் குளிர் என்பது மார்கழியில் பெரியவர்கள் தலையில் ஏறும் மஃப்ளர், அவ்வளவுதான். பயமெல்லாம் ஐப்பசியிடம். அக்டோபர் மூன்றாவது வாரம் வடகிழக்குப் பருவமழை வந்து நிற்கும். அது எந்த வீட்டையும் உத்தேசமாக நனைப்பதில்லை.

உலக மரபுப் பட்டியலுக்குப் போகுமுன் ஓராண்டாவது உத்தேசப் பட்டியலில் இருக்க வேண்டும் என்பது உங்கள் விதி. இருந்தோம். பத்தாண்டுக்கு மேலாகவே இருந்துகொண்டிருக்கிறோம். கோப்பு இந்திய அரசு வழியாகத்தான் வர வேண்டும் என்பதும் தெரியும், ஆகவே உங்களைக் குறை சொல்லவில்லை. 2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகளோடு எங்கள் செஞ்சிக் கோட்டையும் பட்டியலேறியபோது கைதட்டினோம். செஞ்சிக்கு ஒரு வசதி உண்டு: அதற்குப் பங்காளிகள் கிடையாது.

எங்கள் வீட்டுக்கு இருக்கிறார்கள். தாத்தாவின் தாத்தா பர்மாவில் வட்டிக்குக் கொடுத்துச் சம்பாதித்து, தேக்கைக் கப்பலில் கொண்டுவந்து, முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும்படி கட்டினார். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை. இன்று அந்த அறைகளின் சொந்தக்காரர்கள் கோலாலம்பூரிலும் சென்னையிலும் நியூஜெர்சியிலும் இருக்கிறார்கள். வாட்ஸ்ஆப் குழுவில் "ஓடு மாற்றணும், பங்குக்கு இவ்வளவு" என்று போட்டேன். கைகூப்பும் படங்கள் வந்தன. ஓர் அண்ணன் மட்டும் முறையாகக் கேட்டார்: "ஒழுகுறது யார் அறைப்பா?" வளவுக்கு மேலே, பொது இடம் என்றேன். பொது என்றதும் குழுவே அமைதியாகிவிட்டது. போன தையில் இதே வளவில்தான் சாந்திக் கல்யாணப் படம் எடுத்து எல்லோரும் முகப்புப் படமாக வைத்திருக்கிறார்கள்.

ஓடு மாற்றுவது என்னவென்று உங்கள் நிபுணர்கள் ஒருமுறை பார்க்க வேண்டும். வெயில் ஏறுமுன் ஆள் மேலே போய்விடுவார். வெக்கை இறங்காதிருக்க நாட்டு ஓட்டை அடுக்கு மேல் அடுக்காகப் போட்டிருப்பார்கள். ஒன்றைத் தொட்டால் பத்தை எடுக்க வேண்டும். எடுத்த ஓட்டை விரல் முட்டியால் தட்டுவார். கணீரென்றால் மறுபடி கூரைக்கு, சொத்தென்றால் கீழே. குரங்குகள் உடைத்தது தனிக்கணக்கு. புது நாட்டு ஓடு இப்போது எளிதில் கிடைப்பதில்லை. எங்காவது இடிபடுகிற பழைய வீட்டில்தான் வாங்குகிறோம். பக்கத்து ஊர் வீடு விழுந்ததால் எங்கள் வீடு இந்த ஆண்டு நனையாது. இதை எந்த அளவுகோலில் சேர்ப்பீர்களோ தெரியவில்லை. அந்த வீட்டுத் தூண்களும் கதவுகளும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் விலைக்கு நிற்கின்றன.

கூரைத் தண்ணீர் முற்றத்தில் இறங்கி, வடிகால் வழியே ஊருணிக்குப் போகும்படி ஊரையே வாட்டம் பார்த்துக் கட்டியவர்கள் எங்கள் முன்னோர். நேற்று அந்த முற்றத்து வடிகாலைக் கம்பியால் குத்தினோம். வேப்பஞ்சருகு, ஒரு டென்னிஸ் பந்து, சினிமாப் படப்பிடிப்புக்காரர்கள் விட்டுப்போன காகிதக் கோப்பைகள் வெளியே வந்தன. மேல்சுவரில் முளைத்த அரசங்கன்றை வெட்ட ஆள் தயங்கினார், சாமி மரமாம். அது சாமி என்றால் வேர் விடுவதற்குக் கோயில் இருக்கிறதே.

சுவரில் சென்ற ஆண்டு ஒரு பங்காளி சொந்தச் செலவில் சிமெண்டு பூசிக் கொடுத்தார். சுண்ணாம்புச் சுவர் குடித்த ஈரத்தைத் தானே வெளியே விடும். மேலே சிமெண்டை அப்பினால் ஈரம் உள்ளேயே நின்று உப்பாகப் பூக்கும். பூத்துவிட்டது. அதைச் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பு பூசச் சொன்னால், அவருடைய நன்கொடையை அவமதித்ததாகிவிடுமாம். ஆகவே முகப்பில் அந்தத் திட்டு இன்னும் இருக்கிறது. மூலத்தன்மையைச் சோதிக்க வருபவர் அதைத் தாண்டிக் கொஞ்சம் வேகமாக நடக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

பணம் கேட்டு இதை எழுதவில்லை. எப்படியும் ஒருநாள் உங்கள் ஆய்வுக் குழு வரும். வழக்கமாக இங்கே வருகிறவர்கள் மார்கழி, தையில் வருவார்கள். ஆத்தங்குடித் தளத்தில் கால் ஜில்லென்று இருக்கும், பணியாரம் சூடாக இருக்கும், வீடு அழகாக இருக்கும். தயவுசெய்து புரட்டாசியில் அனுப்புங்கள். பழைய சட்டையோடு வரட்டும். ஏணி பிடிக்க ஓர் ஆள் குறைகிறது.

இப்படிக்கு,
வளவில் ஓர் அறைக்கு மட்டும் உரியவன்.
(மற்ற பங்காளிகளின் கையெழுத்து, சம்மதம் வந்தபின் அனுப்பப்படும்.)