மாத்தளையில் ‘பொட்டென்ஷல்’: ஓர் ஆய்வு

அறிஞர் உலகம் கண்டுகொள்ளாத விதி ஒன்றை முதலிலேயே நிறுவிவிடுவோம்: மாத்தளை மாவட்டத்தில் இன்னும் ஒன்றும் செய்யாததற்குத்தான் ‘பொட்டென்ஷல்’ உண்டு. செய்து காட்டிய அன்றே பட்டம் பறிபோகும்.

முதற் சான்று மிளகு. கிளிரிசிடியா மரத்தைப் பற்றி ஏறும் கொடி காய்ப்புக்கு வர மூன்று வருசமாவது பிடிக்கும். அதுவரை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் தோட்டக்காரர் அதன் பொட்டென்ஷலைத்தான் பேசுவார். பிறகு மிளகைச் சாக்கில் கட்டி டவுன் கடையில் இறக்கினால், வியாபாரி ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் உருட்டி, பதரை ஊதிவிட்டுக் கிலோ விலை சொல்வார். பொட்டென்ஷலுக்கென்று ஐந்து சதம் கூட்ட மாட்டார்.

வனிலாவின் பாடு இன்னும் பரிதாபம். பூ ஒரு நாள்தான் விரியும். அதற்குள் கையால் மகரந்தம் சேர்க்காவிட்டால் பின்னேரத்தோடு சரி. அந்தக் கைவேலையை 1841இல் ரீயூனியன் தீவில் கண்டுபிடித்தவன் எட்மண்ட் அல்பியஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன். அவனைப் ‘பொட்டென்ஷல் உள்ள பையன்’ என்று எசமானர்கள் கொண்டாடியிருக்க வாய்ப்பில்லை.

நம்மூரில் அந்தப் பட்டம் கல்யாணப் பேச்சில் தாராளமாகக் கிடைக்கும். “மாப்பிள்ளைக்கு நல்ல பொட்டென்ஷல் இருக்கு” என்றால் வேலை இல்லை என்று பெண் வீட்டார் புரிந்துகொள்கிறார்கள். உரையாசிரியர் தேவைப்படுவதில்லை.

இயற்பியலும் நம் கட்சிதான். அம்பன் கங்கையை மறித்துக் கட்டி 2018இல் திறந்த மொரகஹகந்த அணைக்குப் பின்னால் தண்ணீர் சும்மா நிற்கும்வரை அதற்குப் பொட்டென்ஷல் எனர்ஜி. விழுந்து 25 மெகாவாட் மின்நிலையத்தைச் சுழற்றியதும் அது தீர்ந்தது. அப்புறம் அதற்குப் பெயர் கரண்ட் பில்.

ஆயுளில் முதலிடம் ரயில் பாதைக்கு. கண்டியிலிருந்து 1880இல் மாத்தளை வரை வந்தது, அங்கேயே நின்றது. யாழ்ப்பாணப் பாதை குருநாகல் பக்கமாகப் போய்விட்டது. அப்பால் எங்கும் போகாததால் மாத்தளை ஸ்டேஷனின் பொட்டென்ஷல் துளியும் தேயவில்லை.

இந்த விதியை நம்மைவிடத் தெளிவாக அறிந்தவர்கள் காணித் தரகர்கள். ரோட்டு இல்லை, தண்ணீர் இல்லை, பாறை மட்டும் இருக்கிறது என்றால் பேர்ச் கணக்கில் பொட்டென்ஷல் ஏறும். உக்குவளைப் பக்கம் ஒருவர் நம்மை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஐயாவுக்குப் பொட்டென்ஷல் உள்ள காணி வேணுமா, வீடு கட்டுற காணி வேணுமா?”