நாதஸ்வரத்துக்கு ஒரு பாராட்டு மடல்

மேன்மை தங்கிய செய்தி ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

முந்தாநாள் தங்கள் எட்டு மணிச் செய்தியில் அடியேனும் தலைகாட்டினேன். தெருவில் மழைத்தண்ணீரும் சாக்கடையும் கலந்து நிற்பதைப் பற்றி நிருபர் தம்பி மைக்கை நீட்டினார். நான் சொன்னது: “அமைச்சர் வந்தார், பார்த்தார், கார்க் கண்ணாடியை ஏத்திக்கிட்டுப் போயிட்டார்.” ஒளிபரப்பானது: “அமைச்சர் வந்தார், பார்த்தார்.” கீழே ‘பொதுமக்கள் நெகிழ்ச்சி’. பின்னணியில் நாதஸ்வரம். கேட்டு எனக்கே கண் கலங்கிவிட்டது. டீக்கடையில்தான் “எவ்வளவுண்ணே வாங்கினீங்க?” என்கிறார்கள். இசை ஞானம் போதாது.

தங்கள் குலப் பெருமை அவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது! 2001 ஜூன் 30-ல் கலைஞர் கைதானபோது சன் டிவியில் வயதானவரைப் போலீஸ் குண்டுக்கட்டாகத் தூக்கியது. ஜெயா டிவியில் அந்தப் போலீஸே தள்ளுமுள்ளில் அல்லாடியது. ஒரே வீடு, ஒரே இரவு. ரிமோட் யார் கையிலோ நியாயம் அவர் பக்கம். அதிலாவது எது எந்தக் கட்சிச் சேனல் என்பது குழந்தைக்கும் தெரியும். கரைவேட்டி கட்டிக்கொண்டுதான் பேசினார்கள். கோட்டுப் போட்டு ‘நடுநிலை’ என்று நாதஸ்வரம் வாசிக்கும் கலை தங்களுக்கே வாய்த்தது.

நாதஸ்வரம் மட்டுமா, கேலிக்குப் போடும் ‘டொய்ங்’ சத்தமும் தங்களுக்குக் கைவந்ததுதானே? 2011-ல் 29 எம்.எல்.ஏ.க்களோடு எதிர்க்கட்சித் தலைவராக உட்கார்ந்தவர் விஜயகாந்த். அவர் கோபப்பட்டால் டொய்ங். சொல் தடுமாறினால் டொய்ங், அதையே மூன்று தடவை. என்ன பேசினார் என்று எங்கள் தெருவில் ஒருவருக்கும் நினைவில்லை. டொய்ங் நினைவிருக்கிறது. 2016-ல் உளுந்தூர்பேட்டையில் டெபாசிட் போயிற்று, கட்சிக்கு ஓரிடமும் இல்லை. கூட்டணிக் கணக்கும் காரணம்தான்; ஆனால் கோமாளி என்று முடிவுகட்டி வைத்திருந்த ஆளுக்கு எவன் ஓட்டுப் போடுவான்? 2023 டிசம்பர் 28-ல் அவர் இறந்தார். அன்று காலையிலிருந்தே சோக வயலின், ‘தங்கமான மனிதர்’, ‘வாரி வழங்கிய வள்ளல்’. அந்தத் தங்கம் முன்பு தெரியவில்லையா? உடம்புக்கு முடியாமல் நாக்குக் குழறிய மனிதனை ஓட்டவிட்டு விளம்பரக் காசு பார்த்தீர்கள். செத்த பிறகு அழுது அதிலும் பார்த்தீர்கள். வெட்கமாக இல்லை?

மன்னிக்க வேண்டும் ஐயா, தவறான ட்ராக் ஓடிவிட்டது. நாதஸ்வரத்துக்கே திரும்புகிறேன்.

தங்கள் சமூகத்துக்குச் சிறு விண்ணப்பம். அடுத்த தேர்தலில் எந்தத் தலைவருக்கு நாதஸ்வரம், எவருக்கு டொய்ங், யார் வந்தால் ஒலியையே அணைத்துவிடுவது என்று முன்கூட்டியே பட்டியல் வெளியிட்டுவிடுங்கள். தொகுதிவாரியாக இருந்தால் உத்தமம். வேட்பாளர் பேச்சைக் கேட்கும் நேரமாவது எங்களுக்கு மிச்சமாகும்.

இப்படிக்கு,
தங்கள் நிரந்தர ரசிகன்